கார் ராட்டினத்துச் சாவி

எங்கள் ஊரில் ஜெயமணி அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும். மற்றவர்களைக் கேட்டால் வாய்க்காரி, அடங்காதவள், ஆம்பளைக்குச் சமமாக நிற்கிறவள் என்று ஆரம்பிப்பார்கள். அடங்காதவள் என்பதை வசவு என்று நினைக்கிற ஊர். போன ஆவணி வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் ஊரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் திட்டுவேன்.

என் பெயர் ராஜாராம். உத்திரமேரூரிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி எங்கள் ஊர். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் டிரைவர் வேலை. அக்காவுக்கும் அதே கடைதான். காலை ஏழு மணி பஸ்ஸில் சேர்ந்துதான் போவோம். அவள் ஜன்னல் ஓரம் உட்காருவாள், பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உட்கார்ந்தால் ஊர் அதையும் ஒரு கதையாக்கிவிடும் என்று பயம். அக்காவுக்கு அந்த பயமெல்லாம் கிடையாது. "உக்கார்றா, சீட்டு இன்னா உன்னைக் கடிக்கவா போவுது?" என்பாள்.

அவள் புருஷன் வரதன் அண்ணன் டிராக்டர் ஓட்டினவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடவுக்கு வயலை உழுதுகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார். காரியம் முடிந்த மூன்றாவது வாரம் தெருவில் டிராக்டர் சத்தம் கேட்டது. யாரோ விலை பேச வந்து ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று வெளியே வந்து பார்த்தால், அக்கா ஓட்டிக்கொண்டு போகிறாள். மட்கார்டில் உட்கார்ந்து பதினாலு வருஷம் புருஷன் ஓட்டுவதைப் பார்த்தவள், பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

ஊர் முதலில் சிரித்தது. பிறகு ஆள் கிடைக்காத நேரத்தில் கூப்பிட்டது. கூப்பிட்டவர்களும் சும்மா கூப்பிடவில்லை. முதல் உழவுச் சால் மட்டும் வேறு யாராவது ஓட்டட்டும், தாலி அறுத்தவள் கையால் தொடங்க வேண்டாம், அதற்கப்புறம் நீ ஓட்டிக்கொள் என்றார்கள்.

"மொத சாலும் நான்தான், கடைசி சாலும் நான்தான். ஆவாதுன்னா மாட்டைக் கட்டி ஓட்டிக்கோ," என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவாள். ஏரியில் மதகு திறந்துவிட்ட பிறகு யாரால் எத்தனை நாள் வீம்பு பிடிக்க முடியும்? மூன்றாம் நாள் அவர்களே வந்து நின்றார்கள். அவள் முதல் சால் ஓட்டின வயல்களில் நெல் விளையாமல் போய்விடவில்லை. ஆனால் அதை ஒருத்தனும் வாய் திறந்து சொல்லவில்லை.

மகள் கீதாவைச் செங்கல்பட்டில் நர்சிங் சேர்த்தபோது டிராக்டரை விற்றாள். அந்தச் சமயத்தில்தான் எங்கள் கடைக்குக் கார் ராட்டினம் வந்தது.

அதற்கு நிஜப் பெயர் நீளமாக ஏதோ இங்கிலீஷில் இருக்கிறது. தெரு முழுக்க அதை ராட்டினம் என்றுதான் சொல்கிறார்கள். கடைத் தெருவோ இரண்டு கார் எதிரெதிரே வந்தால் மூச்சு முட்டுகிற தெரு. முகூர்த்த மாசத்தில் புடவை எடுக்க வருகிறவர்கள் காரை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இரண்டு சுற்று சுற்றிவிட்டு வேறு கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். முதலாளி துரைராஜ் யோசித்தார். கடைக்குப் பக்கத்தில் இரண்டு கார் நிற்கிற அளவுக்கு ஒரு காலி இடம் இருந்தது. அதில் ஐந்து மாடி உயரத்துக்கு இரும்புத் தூண் நட்டு, பன்னிரண்டு இரும்புத் தட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டார்கள். தட்டில் காரை ஏற்றிப் பட்டனை அழுத்தினால் அது மேலே போகும், அடுத்த காலித் தட்டு கீழே வரும். இரண்டு கார் நிற்கிற இடத்தில் பன்னிரண்டு கார். திறந்த அன்று ஜனங்கள் புடவையைப் பார்க்காமல் காரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஓட்ட ஆள் வேண்டும் என்றார்கள். நான் அக்காவைச் சொன்னேன். மேனேஜர் சுகுமார் "பொம்பளையா?" என்றார். "டிராக்டர் ஓட்டின பொம்பளை சார்," என்றேன். சரி, வரட்டும், பார்க்கலாம் என்றார்.

ராட்டினம் செய்து கொடுத்த கம்பெனியிலிருந்து டேனியல் என்று ஒருத்தர் வந்து எங்கள் மூன்று பேருக்கு இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். நானும் இன்னொருத்தனும் முதல் நாள் மத்தியானமே எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி டீ குடிக்கப் போய்விட்டோம். அக்கா போகவில்லை. கரண்ட் நின்றால் என்ன ஆகும், பாதியில் நின்றால் கையால் எப்படிச் சுற்றி இறக்குவது, நாலு பக்கமும் இருக்கிற சென்சார் எதை எதைப் பார்க்கிறது என்று அந்த மனிதரைப் பிடுங்கி எடுத்துவிட்டாள். அவரும் சலிக்காமல் சொன்னார். "இந்த சென்சாருக்குக் கதவு தெரியும், கை கால் வெளிய நீட்டினாத் தெரியும். உடனே நின்னுடும். ஆனா உள்ள ஒரு ஆள் அசையாம உக்காந்திருந்தா அதுக்குத் தெரியாதும்மா. அதை நீங்கதான் பாக்கணும்," என்று சொல்லிவிட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அதிலிருந்து ஆரம்பித்தது தொந்தரவு. தொந்தரவு என்று அன்றைக்கு நாங்கள் சொன்னோம்.

ஒவ்வொரு கார் வந்ததும் நாலு கண்ணாடியையும் தட்டிப் பார்ப்பாள். நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி உள்ளே பார்ப்பாள். பிறகு ஒரு கேள்வி: "எத்தினி பேரு வந்தீங்க? எத்தினி பேரு உள்ள போறீங்க?" பெரிய மனிதர்கள் எல்லாம் முகம் சுளிப்பார்கள். அப்புறம் குனிந்து முன் பம்பரில் தொங்குகிற எலுமிச்சம்பழ மிளகாய்க் கயிற்றைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு மேலே கட்டுவாள். நம் ஜனங்களின் காரில் ஹாரன் இல்லாமல் இருக்கலாம், திருஷ்டிக் கயிறு இல்லாமல் இருக்காது. அது தட்டு நகரும்போது காற்றில் ஆடி சென்சாருக்குக் குறுக்கே வரும், ராட்டினம் டக்கென்று நின்றுவிடும். ஜப்பானிலோ எங்கேயோ கண்டுபிடித்த மிஷின், அவனுக்கு என்ன தெரியும் எலுமிச்சம்பழத்தைப் பற்றி?

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் அது நடந்தது. ஒரு குடும்பம், ஐந்து பேர் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது. அக்கா கண்ணாடியைத் தட்டினால் பின் சீட்டில் வெள்ளைப் புள்ளி போட்ட புடவையில் ஒரு அம்மா, தலையைக் குனிந்தபடி.

"எறங்கு தாயி, காரு மேல போவப் போவுது."

"நான் இங்கயே இருக்கறன்மா. நான் உள்ள வரக்கூடாது."

அக்காவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கல்யாணப் புடவை எடுக்கிற இடத்தில் தாலி அறுத்தவள் நிற்கக் கூடாது. ஆனால் ஊரிலேயே விட்டுவிட்டு வந்தால் மனசு சங்கடப்படுவாளாம். அதனால் கூட்டிக்கொண்டு வந்து காரிலேயே பூட்டிவைப்பார்கள். அன்றைக்கு அந்த அம்மாவை இறக்கி, பேனல் ரூம் நிழலில் தன் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தாள். ஆனி, ஆடி முடிவதற்குள் பதினோரு பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். பெற்ற தாய், கூடப் பிறந்த அக்கா, வளர்த்த அத்தை என்று பதினோரு பேர். எல்லாருமே "கார்ல யாரும் இல்ல" என்று சொல்லப்பட்டவர்கள். பஸ்ஸில் திரும்பும்போது ஒரு நாள் அக்கா சொன்னாள், "நாற்காலி போட்டுக் குடுக்கறதும் தப்புடா ராஜாராமு. நானே அவங்களை வெளிய உக்கார வெச்ச மாதிரி கீது." எனக்கு அப்போது புரியவில்லை. நான் மறுநாள் நாஷ்டா என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆவணி பிறந்தது. கல்யாணக் கூட்டம் கடையை நெரித்தது. ஒரு நாள் காலையில் மட்டும் ராட்டினம் ஆறு முறை நின்றது, ஆறும் ரப்பர் பேண்டிலிருந்து நழுவின எலுமிச்சம்பழத்தால். அக்கா ஒவ்வொரு காராகக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தால் வரிசை தெருக்கோடி வரை போகிறது. ஒரு வாடிக்கையாளர் தானே காரைத் திருப்பி எதிர்க் கடைக்குப் போய்விட்டார். சுகுமார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ராஜாராம், பெரிய பேஜாராப் போச்சு. ஒரு எலக்ட்ரீஷியன் சொன்னான். சென்சார் கண்ணுக்கு நேரா ரேடியம் ஸ்டிக்கரை ஒட்டிட்டா, எதுவும் குறுக்க இல்லன்னு அது நெனச்சுக்குமாம். ஒட்டிடு."

டிரெய்லர் பின்னால் இரவில் பளபளக்குமே, அந்தச் சிவப்பு ஸ்டிக்கர். முன் சென்சாருக்கு மட்டும் ஒட்டியிருந்தால் போதும். எது முன், எது பக்கவாட்டு என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய நேரத்தில்தான் நான் டீ குடிக்கப் போயிருந்தேனே. நாலுக்கும் ஒட்டினேன். இந்தக் கையால்தான் ஒட்டினேன்.

அக்கா பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள். நாலையும் உரித்து எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குள் போனாள். சரிகைப் புடவைகளை விரித்துப் போட்டிருந்த பாயைத் தாண்டி, சுகுமார் மேஜை மேல் அவற்றை வைத்தாள்.

"இன்னா சார் இது?"

"ஒரு மாசத்துக்குத்தாம்மா. கூட்டம் கொறைஞ்சதும் எடுத்துடலாம்."

"சரி சார். ஸ்டிக்கர் இருக்கட்டும். நீங்க வந்து ஒரு கார்ல பின் சீட்ல உக்காருங்க. பாதி வழியில கதவைத் தொறந்து ஒரு காலை வெளிய நீட்டுங்க. நான் பட்டனை அமுக்கறன். உங்களுக்கு ஒண்ணும் ஆவலன்னா நானே தெனமும் ஒட்டிக்கறன்."

சுகுமார் உட்காரவில்லை. யார்தான் உட்காருவார்கள்? ஆனால் வாடிக்கையாளர்கள் முன்னால் கேட்டுவிட்டாள் என்ற ஆத்திரத்தில் சாவியைக் கொடு என்றார். அவள் மறுத்தாள். விஷயம் துரைராஜ் முதலாளிவரை போனது. அவர் கெட்டவர் இல்லை, கடையைத் தவிர வேறு எதையும் பார்க்கத் தெரியாதவர். "மேனேஜர் சொன்னாக் கேட்டுக்கோம்மா," என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மறுநாளிலிருந்து அவளைக் கடை வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் டோக்கன் கொடுக்கிற வேலைக்கு மாற்றினார்கள். சாவி என்னிடம் வந்தது.

பஸ்ஸில் அவள் என்னோடு பேசவில்லை. இறங்கும்போது மட்டும் கேட்டாள், "வாங்கிக்கினியா சாவிய?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சாவிய வாங்கினவன் கண்ணையும் வெச்சுக்கோடா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம், பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் புடவையைத் தொட்டு எடுத்துவிட வேண்டும், முடிந்தால் காரையும் கிளப்பிவிட வேண்டும் என்று எல்லாருக்கும் பறப்பு. ஸ்டிக்கரை நானே மறுபடி ஒட்டிவிட்டேன். ராட்டினம் ஒரு தரமும் நிற்காமல் வெண்ணெய் மாதிரி சுற்றியது. பதினோரு கார் மேலே போய்விட்டது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டாவதாக ஒரு பெரிய கார், புதுசு, கண்ணாடியெல்லாம் கறுப்பு. செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கமிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்த குடும்பம். வாசலில் நாலு பேர் இறங்கிக் கடைக்குப் போனார்கள். மாப்பிள்ளைப் பையன் தமிழரசன், புதுக் கார் என்பதால் என்னிடம் கொடுக்காமல் தானே தட்டில் ஏற்றி நிறுத்தினான்.

"உள்ள யாரும் இல்லியே?" என்றேன்.

"யாரும் இல்ல," என்றான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அவன் கதவைச் சாத்திவிட்டுக் கடைப் பக்கம் நடந்தான், மேலே இருந்த முதல் காரை இறக்குவதற்காக நான் பட்டனை அழுத்தினேன்.

அதே நேரத்தில் செருப்பு விடுகிற இடத்தில், பையனுடைய பெரியப்பா டோக்கன் கேட்டுக் கையை நீட்டியிருக்கிறார். "ஆறு குடும்மா," என்றவர் உடனே, "ஆறு இல்ல, அஞ்சு," என்று திருத்திக்கொண்டார். அக்கா டோக்கனைக் கொடுக்கவில்லை. ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்திருக்கிறாள். பிறகு டோக்கன் டப்பாவைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"நிறுத்துடா! ராஜாராமு, நிறுத்துடா!"

எனக்குக் காதில் விழுந்தது, கை வரவில்லை. கார் என் தலை உயரத்துக்குப் போயிருந்தது. அப்போதுதான் அதன் பின் கதவு திறந்தது. தூக்கத்திலிருந்து விழித்த ஒரு அம்மா, தரை கீழே போவதைப் பார்த்துப் பதறி ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள். கதவு போய் இரும்புத் தூணில் இடித்தது. சென்சார் நிறுத்தியிருக்க வேண்டும். அதன் கண்ணுக்கு எதிரே நான் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது, அதற்கு எதுவுமே தெரியவில்லை. தட்டு ஏறிக்கொண்டே இருந்தது, கதவு தகரம் மாதிரி மடங்க ஆரம்பித்தது. அந்த அம்மாவின் கால் கதவுக்கும் காருக்கும் நடுவில்.

அக்கா என்னை ஒரு தள்ளு தள்ளிவிட்டு சிவப்புப் பட்டனில் கையை அறைந்தாள். ராட்டினம் நின்றது.

காலுக்கும் கதவுக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருந்தது. நான் அளந்து சொல்கிறேன், ஏனென்றால் ஏணி வைத்து முதலில் ஏறினவன் நான். அந்த அம்மாவின் பெயர் கோவிந்தம்மாள். பக்கத்தில் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "தெரியாமத் தொறந்துட்டன் நைனா, கார் பாழாப் போச்சா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. கீழே இருந்து அக்கா பேசிக்கொண்டே இருந்தாள், "கால உள்ள இசுத்துக்கோ தாயி, அவசரமில்ல, ஒண்ணும் ஆவல, ஒவ்வொரு படியா வா." இறக்கி அக்கா பக்கத்தில் நிறுத்தினேன்.

அதற்குள் கடையே வெளியே வந்துவிட்டது. பெரியப்பா ஓடி வந்தார். வந்தவர் நேராகக் கதவைப் பார்த்தார். "புது வண்டி! பூஜை போட்டுப் பத்து நாள்கூட ஆவல!" என்று கத்தினார். அவர் தம்பி பெண்சாதி பக்கத்திலேயே நிற்கிறார், ஏதாவது அடிபட்டதா என்று ஒரு வார்த்தை இல்லை. மாப்பிள்ளைப் பையன் மட்டும் பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

அக்கா அவனிடம் போனாள். "யாரும் இல்லன்னு சொன்னியாமே. இது யாரு?"

அவன் மடங்கின கதவைப் பார்த்தான்.

"உன்னைத்தான்பா கேக்கறன். யாரு?"

"எங்கம்மா," என்றான்.

அத்தனை கூட்டத்திலும் அது எல்லாருக்கும் கேட்டது.

துரைராஜ் முதலாளி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மணி பத்து. மேலே பதினோரு கார். புடவை எடுத்து முடித்தவர்கள் பையோடு வந்து நிற்கிறார்கள், பத்தரைக்குள் கிளம்பியாக வேண்டும் என்று கத்துகிறார்கள். கதவு தூணில் மாட்டியிருப்பதால் பட்டனில் எதுவும் நகராது. கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். டேனியலுக்குப் போன் போட்டால் சென்னையிலிருந்து வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார். முதலாளி என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது மொதலாளி," என்றேன். "தெரிஞ்சாலும் செய்ய மாட்டேன். ஸ்டிக்கரை ஒட்டினது நான்தான். ஒட்டச் சொன்னது சுகுமார் சார்." என் வாழ்நாளில் முதலாளி முகத்தைப் பார்த்து நான் பேசினது அதுதான் முதல் தரம்.

முதலாளி அக்கா பக்கம் திரும்பினார். "ஜெயமணி, நடந்தது நடந்துபோச்சு. அப்பால பேசிக்கலாம். மொதல்ல காருங்களை எறக்கும்மா."

"அப்பால இல்ல மொதலாளி, இப்பவே பேசிக்கலாம்." அவள் போய் நாலு ஸ்டிக்கரையும் எல்லார் முன்னாலும் உரித்தாள். நாலையும் சுகுமார் சட்டைப் பையில் சொருகினாள். அவர் தடுக்கவில்லை. என்னிடமிருந்து சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "இனிமே இதுல எவன் கை வெச்சாலும் நான் தெருவுக்கு வந்து கத்துவன். வேலைய வுட்டுத் தூக்கிட்டாலும் வந்து கத்துவன்."

"சரிம்மா. யாரும் வெக்க மாட்டாங்க. எறக்கு."

"எறக்கறன். இந்தம்மா மொதல்ல உள்ள போவட்டும்."

யாருக்கும் புரியவில்லை. அக்கா கோவிந்தம்மாளைக் காட்டினாள். "ஆறு பேரு வந்தாங்க. ஆறு பேரும் உள்ள போய்ப் பொடவை எடுக்கட்டும். அதுவரைக்கும் சாவி என் இடுப்புலதான் இருக்கும்."

பெரியப்பா எகிறினார். "நீ யாரு அத்தச் சொல்ல? இது எங்க வூட்டு விசேஷம். சுப காரியத்துல இதெல்லாம் ஆவாது. முகூர்த்தப் பொடவை மேல அவ நெழல்கூட—" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார், அக்காவின் நெற்றியை அப்போதுதான் கவனித்தார்.

"சொல்லு, நிறுத்தாத," என்றாள் அக்கா. "நெழலு படக்கூடாது, அதான? நானும் தாலி அறுத்தவதான்யா." அவள் கூட்டத்துப் பக்கம் திரும்பினாள். பையும் கையுமாக நின்றவர்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தாள். "ராட்டினம் வந்ததுலேர்ந்து நேத்துவரைக்கும் இந்தக் கடையில முகூர்த்தப் பொடவை எடுத்தவங்க ஒருத்தர் வுடாம என் கையால ஏறி, என் கையாலதான் எறங்கினாங்க. அவங்க மாட்டின எலுமிச்சம்பழத்தைக்கூட நான்தான் தொட்டுக் கட்டினன். அந்தக் கல்யாணமெல்லாம் இன்னா நின்னா போச்சு? என் கை ஆவாதுன்னா இப்பச் சொல்லுங்க. மேல கீற காரு மேலயே இருக்கட்டும். நடந்து போங்க."

ஒருத்தரும் நடந்து போகவில்லை. பையை வைத்துக்கொண்டிருந்த ஒரு வயசான பொம்பளை மட்டும், "அந்தம்மாவ உள்ள கூட்டிக்கினு போங்கப்பா, பெத்தவதான," என்றாள். அவள் கழுத்தில் தாலி இருந்தது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். ராகு காலத்துக்குப் பயந்து சொன்னார்களோ, மனசார சொன்னார்களோ, எனக்குத் தெரியாது. சொன்னார்கள்.

தமிழரசன் அம்மா கையைப் பிடிக்கப் போனான். கோவிந்தம்மாள் கையை விலக்கிக்கொண்டார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே படியேறி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அவன் பின்னாலேயே போனான். பெரியப்பாவும் வேறு வழியில்லாமல் போனார்.

அக்கா பேனலைத் திறந்து கைப்பிடியை மாட்டிச் சுற்ற ஆரம்பித்தாள். நானும் போய்ப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாகச் சுற்றினோம், ஒரு சுற்றுக்கு ஒரு விரல் உயரம்தான் இறங்கும். முதலில் மடங்கின கதவை நெம்பி, அந்தக் காரைத் தரைக்குக் கொண்டுவந்து ஓரமாக நிறுத்தினேன். பிறகு பட்டன் வேலை செய்தது. பதினோரு காரும் இறங்கி முடிக்கும்போது மணி பதினொன்றேகால். ராகு காலத்தின் நட்ட நடுவில் பதினோரு முகூர்த்தப் புடவை ஊருக்குக் கிளம்பியது. ஒருத்தர்கூட ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மூன்று பேர் அக்காவுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

உள்ளே நடந்ததை விற்பனைப் பையன்கள் பிறகு சொன்னார்கள். கோவிந்தம்மாள் பாயில் உட்கார்ந்ததும் முதலில் கைகட்டிக்கொண்டிருந்தாராம். பையனுடைய பெரியம்மா அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்து இதுதான் என்றாராம். இவர் கையை நீட்டி, அதைத் தள்ளிவிட்டு, அடுக்கில் அடியில் இருந்த மாம்பழ நிறப் புடவையை உருவி எடுத்து, "என் வூட்டுக்கு வர்ற பொண்ணுக்கு இதான்," என்று மடியில் வைத்துக்கொண்டாராம். அதற்குப் பிறகு அதை யாரிடமும் கொடுக்கவில்லை.

வெளியே வந்தபோதும் புடவைப் பை அவர் கையில்தான் இருந்தது. பெரியப்பா எதுவுமே நடக்காத மாதிரி வேகமாக நடந்து, வழக்கம்போல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தமிழரசன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அம்மாவுக்காகக் காத்திருந்தான். கோவிந்தம்மாள் அக்காவிடம் வந்து நின்றார். நன்றி கின்றி எல்லாம் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு காருக்குப் போய், பெரியப்பா உட்கார்ந்திருந்த முன் கதவைத் திறந்தார்.

"பின் கதவு தொறக்காது. நீங்க எறங்கி அந்தப் பக்கமாப் போயி உக்காருங்க. நான் இங்க உக்காந்துக்கறன்."

பெரியப்பா தமிழரசனைப் பார்த்தார். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியப்பா இறங்கினார்.